எழுதப்படாத கோயில்

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர் ரயில், ஆவடியையும் பட்டாபிராமையும் கடந்த பின் திருநின்றவூரில் நிற்கிறது. இங்கிருந்து நாள்தோறும் பெருந்திரளானோர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் நகரின் மென்பொருள் அலுவலகங்களுக்கும் சென்று திரும்புகின்றனர். திருமகள் வந்து நின்ற ஊர் என்று இதன் பெயருக்குக் காரணம் சொல்வார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயிலால் இவ்வூர் வைணவர்களுக்குத் திவ்ய தேசம். இருதயாலீசுவரர் கோயிலால் சைவர்களுக்கு அடியார் ஒருவரின் ஊர். அந்த அடியார் பூசலார். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவர். கல்லும் சுண்ணாம்பும் இன்றித் தம் நெஞ்சுக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்தவர்.

அவருடைய வாழ்க்கை பக்தியின் பெருமையைச் சொல்லவே காலங்காலமாக எடுத்துரைக்கப்பட்டு வருகிறது. அந்தப் பொருளே முதன்மையானது. ஆயினும், மென்பொருள் கருவிகளை மனிதர்களுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவு எடுத்து இயக்கத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அதே வாழ்க்கை வேறொரு வினாவையும் நம்முன் வைக்கிறது. ஒருவரது உள்ளத்தில் முழுமையாக இருக்கும் ஒன்று மற்றவர்களுக்கு எவ்வாறு கிடைக்கும் என்பதே அவ்வினா.

பூசலார் தொண்டை நாட்டில், திருநின்றவூரில் அந்தணர் குலத்தில் பிறந்தவர். வேதம் கற்றவர். சிவனடியார்க்குத் தொண்டு செய்வதையே வாழ்வாகக் கொண்டவர். இறைவனுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்னும் ஆசை அவருக்குள் எழுந்தது. கையில் பொருள் இல்லை. எங்கெங்கோ சென்று தேடினார், வேண்டியவர்களிடம் கேட்டார். கோயில் கட்டும் அளவுக்கு எதுவும் சேரவில்லை. பலர் இந்த இடத்தில் ஆசையைக் கைவிட்டிருப்பார்கள். அவரோ, வெளியே கட்ட இயலாத கோயிலை உள்ளே கட்டுவதென்று துணிந்தார்.

அவர் கட்டிய முறைதான் கவனிக்கத்தக்கது. கண்ணை மூடியதும் கோபுரம் எழுந்து நிற்கும் கற்பனையாக அது இருக்கவில்லை. முதலில் சிறிது சிறிதாகப் பொருளை மனத்தால் சேர்த்தார். பிறகு கட்டுமானப் பொருள்களையும் தச்சர்களையும் மனத்தாலேயே வருவித்தார். ஆகம நெறிப்படி நல்ல நாள் பார்த்து அடிக்கல் நாட்டினார். இரவிலும் உறங்காமல் பணியைத் தொடர்ந்தார். உபானம் முதலாக வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பினார். விமானத்தின் சிகரம் எத்தனை முழம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அளவிலேயே அமைத்தார். தூபி நட்டார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், திருக்குளம் அமைத்தார், சுற்றுமதில் எடுத்தார். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்கு அவர் செல்லவில்லை. இவ்வாறு நெடுநாள் உழைத்து, கோயில் முடிந்ததும் இறைவனை எழுந்தருளச் செய்வதற்கு ஒரு நாளையும் குறித்தார்.

மனத்துக்குள் கட்டுபவர் அளவை ஏன் பார்க்க வேண்டும்? குளமும் கிணறும் அங்கு எதற்கு? இவ்வினாக்களுக்குப் பூசலாரின் செயலே விடை. எந்த உறுப்பும் விடுபடாமல், எந்த அளவும் மங்கலாக இல்லாமல் இருந்தால்தான் அது கோயில். மென்பொருள் எழுதுவோர் இதை அறிவர். ஒரு கருவி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக எழுத உட்காரும்போதுதான், அது என்ன செய்ய வேண்டும் என்று தமக்கே தெளிவில்லாதிருந்த இடங்கள் தெரியவருகின்றன. கையேடு எழுத முடியாத கருவி பெரும்பாலும் அரைகுறையாகச் சிந்திக்கப்பட்ட கருவியாகவே இருக்கும். பூசலாரின் மனக்கோயில் அவ்வாறானது அன்று. தச்சர் ஒருவர் எதிரில் இருந்திருந்தால், அதன் ஒவ்வோர் அளவையும் அவரால் சொல்லியிருக்க முடியும்.

அதே காலத்தில் காஞ்சிபுரத்தில் காடவர் கோமான் சிவபெருமானுக்குக் கற்றளி ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். அம்மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்ம பல்லவன் என்றும், அந்தக் கற்றளி எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கைலாசநாதர் கோயில் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுவர். பெருஞ்செல்வத்தைச் செலவிட்டுக் கட்டிய அக்கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ய மன்னன் குறித்த நாளும், பூசலார் தம் மனக்கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அந்நாளுக்கு முந்திய இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றினார். நின்றவூரில் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து அமைத்த கோயிலுக்குள் நாளை தாம் புக இருப்பதாகவும், மன்னன் தன் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் தெரிவித்து மறைந்தார். மன்னன் விழித்தெழுந்தான். இறைவனே முதலிடம் தரும் அக்கோயிலைக் காணவும், அதைக் கட்டியவரை வணங்கவும் விரும்பித் திருநின்றவூருக்குப் புறப்பட்டான்.

கனவில் மன்னனுக்குக் கிடைத்த குறிப்பில் ஊர் இருந்தது, பெயர் இருந்தது, நாள் இருந்தது. கோயில் எத்தகையது என்பது விளங்கவில்லை. எனவே அவன் தனக்குத் தெரிந்த கோயிலையே, அதாவது கல்லால் கட்டிய கோயிலையே தேடினான். ஊருக்கு வந்து, பூசலார் அமைத்த கோயில் எங்குள்ளது என்று எதிர்ப்பட்டவர்களைக் கேட்டான். அப்படியொரு கோயில் நின்றவூரில் கட்டப்படவே இல்லை என்றனர் அவர்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அந்த விடையை வைத்துக்கொண்டு மன்னனால் ஓர் அடிகூட நகர முடியவில்லை என்பதும் உண்மை.

இந்த இடத்தில் நின்று இன்றைய நிலையைப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு முகவர் என்று இப்போது சொல்லப்படுவது, கேட்ட கேள்விக்கு விடை தருவதோடு நிற்காமல், தரப்பட்ட வேலையை முடிப்பதற்குப் பிற மென்பொருள் கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் நிரல். பயணச்சீட்டு பதிவு செய்வது, கணக்கைச் சரிபார்ப்பது, கோப்புகளை மாற்றுவது, பணம் அனுப்புவது ஆகியவை எல்லாம் அதன் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அந்த நிரல் ஒவ்வொரு முறையும் அயலூரிலிருந்து வந்திறங்கிய காடவர் கோமானைப் போன்றது. கருவியின் பெயர் அதற்குத் தெரியும். கருவியைப் பற்றி எழுதி வைக்கப்பட்டிருப்பதைப் படிக்க அதற்குத் தெரியும். எழுதாமல் விட்டது அதற்கு இல்லாததற்குச் சமம். அடுத்த மேசையில் இருப்பவரிடம் போகிற போக்கில் ஐயம் கேட்கும் வாய்ப்பும் அதற்கு இல்லை.

ஓர் எளிய எடுத்துக்காட்டு. இந்தியாவில் இணையவழிப் பணம் பெறும் சேவைகள் சிலவற்றில் தொகையை ரூபாயில் தராமல் பைசாவில் தர வேண்டும்; 500 ரூபாயை 50,000 என்று எழுத வேண்டும். அந்தச் சேவையைப் பலமுறை கையாண்ட பொறியாளருக்கு இது பழக்கம். தொகை என்ற ஒரு சொல்லை மட்டும் கையேட்டில் எழுதிவிட்டு அலகைச் சொல்லாமல் விட்டால், முகவர் நிரல் 500 என்றே அனுப்பும். வணிகருக்கு வந்து சேர்வது 5 ரூபாய். நாளும் அப்படித்தான். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. பூசலார் சிகரத்தின் உயரத்தை முழத்தில் கணக்கிட்டதன் அருமை இங்கே புலனாகும். எண்ணுடன் அலகு இல்லையேல் அது அளவு ஆகாது.

கருவிகளுள் சில, திரும்பப் பெற முடியாத செயல்களைச் செய்பவை. கோப்பை அழிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது, பணம் செலுத்துவது ஆகியன அத்தகையவை. அழித்த கோப்பை மீட்க முடியுமா, அதே கட்டளையை இரண்டாம் முறை அனுப்பினால் பணம் இரண்டு முறை போகுமா என்பவை கையேட்டில் இருந்தாக வேண்டும். மனிதப் பணியாளர் ஐயம் எழுந்தால் கை தயங்கி நிற்பார். அந்தத் தயக்கம் நிரலுக்கு இயல்பாக வராது; எழுதி வைத்தால்தான் வரும்.

நின்றவூர் மக்கள் தந்த விடைக்குத் திரும்புவோம். கோயில் இல்லை என்றதோடு அவர்கள் நின்றுவிட்டனர். மன்னன் சோர்ந்து திரும்பவில்லை. கண்ணில் பட்ட வேறொரு கோயிலைப் பூசலாரின் கோயில் என்று தானே முடிவு செய்துகொள்ளவும் இல்லை. ஊரின் மறையவர்களை எல்லாம் வரவழைத்து, பூசலார் என்பவர் யார் என்று கேள்வியை மாற்றிக் கேட்டான். அவர் குற்றமற்ற வேதியர், இவ்வூரினர் என்ற விடை அப்போதுதான் கிடைத்தது. கருவி பிழைபடும்போது அது காட்டும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இல்லை, முடியாது, தவறு என்று மட்டும் சொல்லும் செய்தி வழியை அடைக்கிறது. எது இல்லை, ஏன் இல்லை, அடுத்து எங்கே கேட்க வேண்டும் என்று சொல்லும் செய்தி வழியைத் திறக்கிறது. அடைபட்ட வழியில் நிற்கும் முகவர் நிரல், மன்னன் செய்யாத அந்தத் தவற்றைச் செய்வதுண்டு: தேடியது கிடைக்காதபோது அதைப் போன்ற வேறொன்றை எடுத்துக்கொண்டு வேலை முடிந்தது என்று அறிவித்துவிடும்.

பூசலாரைத் தன்னிடம் அழைத்து வருமாறு மன்னன் ஆணையிடவில்லை. தானே அவர் இருந்த இடம் நாடிச் சென்று வணங்கினான். நீங்கள் கட்டிய கோயில் எங்கே, இன்று இறைவன் அங்கே எழுந்தருளும் நாள் என்று அவரே எனக்கு உணர்த்தியதால் உங்களைக் காண வந்தேன் என்னும் கருத்துப்படக் கூறினான். பூசலார் மருண்டார். தம் மனத்துள் நடந்ததை ஒருவரும் அறியார் என்றிருந்தவர், அதை இறைவன் அறிந்து ஏற்றுக்கொண்டதைக் கேட்டு உருகினார். பொருள் இல்லாமையால் நினைவினாலேயே அக்கோயிலை முயன்று கட்டியதை, தொடக்கம் முதல் எடுத்துரைத்தார். மன்னன் வியந்து, நிலத்தில் விழுந்து அவரை வணங்கிவிட்டுத் தன் படையுடன் காஞ்சிக்குத் திரும்பினான். பூசலார் குறித்த வேளையில் மனக்கோயிலில் இறைவனை நிறுவி, பூசைகள் யாவும் குறைவின்றிச் செய்து, பன்னாள் வழிபட்டிருந்து இறைவன் திருவடி சேர்ந்தார்.

பூசலாரின் கோயிலுக்கு வர வேண்டிய விருந்தினர் ஒருவரே. அவர் நெஞ்சைப் படிக்கவல்லவர். ஆதலால் அக்கோயிலுக்குக் கையேடு தேவைப்படவில்லை. நாம் அமைக்கும் கருவிகளுக்கு வரும் விருந்தினர்களுக்கு அந்த ஆற்றல் கிடையாது. செயற்கை நுண்ணறிவு எவ்வளவு வளர்ந்தாலும், கருவியை அமைத்தவர் நெஞ்சில் வைத்திருப்பதை அது படிக்கப் போவதில்லை.

பூசலாரின் கதை நம்மிடம் வந்து சேர்ந்த வரலாறும் இதையே சொல்கிறது. அது மூன்று படிகளில் எழுதப்பட்டது. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பூசலாரின் பெயரையும் ஊரையும் மறை ஓதும் நாவையும் குறித்ததோடு அமைந்தார். அடியார்களை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு போதும். அறியாதவர்களுக்கு அவர் செய்தது என்ன என்பதே தெரியாது. அடுத்து, நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாடலை அவருக்கு அளித்தார். கோயில் எடுக்கும் நினைவிலேயே இரவுகள்தோறும் உறங்காதிருந்து அருள் பெற்றவர் என்பது அதனால் தெரியவந்தது. மூன்றாவதாக வந்தவர் சேக்கிழார். பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்து, 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தவர். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட பெரியபுராணத்தில், பூசலார் எதை முதலில் செய்தார், எதை அடுத்துச் செய்தார், உபானம் எது, சிகரம் எது, கிணறு எது என்று வரிசை மாறாமல் அவர் எழுதி வைத்தார். ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்தும் நாம் அந்த மனக்கோயிலுக்குள் சென்று வர முடிகிறதென்றால், அது சேக்கிழார் எழுதிய எழுத்தால்.

கருவிகளின் உலகிலும் இம்மூன்று படிகள் உள்ளன. பெயர் ஒன்று; ஒற்றை வரி விளக்கம் ஒன்று; முழு விளக்கம் ஒன்று. 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கான முதல் கையேட்டை வெளியிட்டபோது, ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், பிழைச் செய்திகள் என்று தலைப்புகளை வகுத்துக்கொண்டனர். அறிந்த குறைகளுக்கென்றும் தனித் தலைப்பு வைத்தனர். தாம் செய்த கருவியின் குறையைத் தாமே எழுதி வைத்த அந்த நேர்மை இன்றும் பின்பற்றத்தக்கது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறை, கருவிகளை முகவர் நிரல்களுடன் இணைப்பதற்கானது. அதிலும் ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், தனக்குத் தரப்பட வேண்டிய உள்ளீடுகளின் வடிவத்தையும் முன்வைக்க வேண்டும்; தன்னைப் பற்றிய விளக்கத்தையும் தரலாம். வடிவம் வகுக்கப்பட்டுவிட்டது. அந்த விளக்கம் என்னும் இடத்தில் சுந்தரரைப் போல ஒரு பெயரடையோடு நிற்பதா, சேக்கிழாரைப் போல முழுவதும் சொல்வதா என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது. சுந்தரரின் தொகை தன் நோக்கத்துக்கு நிறைவானது. அறியாதவர் ஒருவர் கையில் கருவியைக் கொடுக்கும் நோக்கத்துக்கு அந்தச் சுருக்கம் போதாது.

நுண்ணறிவு நிரல்கள் மேலும் திறன் பெறும்போது விளக்கம் குறைந்தாலும் அவை ஊகித்துக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. அவை நன்றாகவே ஊகிக்கின்றன என்பது மெய். பத்து முறையில் ஒன்பது முறை சரியாக அமையும் ஊகம்தான் அச்சத்துக்குரியது. பத்தாவது முறையை எவரும் சரிபார்க்க மாட்டார்கள். நிரல்தொடரைப் படித்தே அது அறிந்துகொள்ளும் என்பார் உளர். கருவி என்ன செய்கிறது என்பது நிரல்தொடரில் தெரியும். எதற்காகச் செய்கிறது, எப்போது அதைப் பயன்படுத்தக் கூடாது என்பவை பெரும்பாலும் அங்கே தெரிவதில்லை.

எழுதுவதற்கு உழைப்பும் செலவும் ஆகும் என்பது மற்றொரு தடை. உண்மைதான். அத்துடன், கருவி மாறும்போது கையேடும் மாற வேண்டும். குளத்தைத் தூர்த்த பிறகும் குளத்துக்கு வழிகாட்டும் பலகை, பலகையே இல்லாததைவிடத் தீங்கானது. ஆனால் எழுதாமல் விடுவதன் செலவு நம் நிறுவனங்களில் நெடுநாளாகவே இருந்துவருகிறது. அது கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். ஓர் இயந்திரத்தின் போக்கு ஒரே ஒரு மூத்த தொழிலாளிக்கு மட்டும் தெரிந்திருப்பதும், அவர் ஓய்வு பெற்ற மறுநாள் இயந்திரம் நிற்பதும் அம்பத்தூர், ஆவடி வட்டாரத்துப் பட்டறைகளுக்குப் புதிதல்ல. சிறிய அலுவலகத்தின் கணக்கு மென்பொருளை இயக்கத் தெரிந்த ஒருவர் விடுப்பில் சென்றால் சம்பளப் பட்டியல் தாமதமாவதையும் நாம் காண்கிறோம். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மனக்கோயிலைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். முகவர் நிரலுக்காக அதை எழுதி வைக்கத் தொடங்கினால், முதலில் பயன்பெறப் போவது அடுத்து வேலைக்கு வரும் இளைஞரே. எந்திரத்துக்குப் புரியும்படி ஐயமற எழுதியது மனிதருக்கும் புரியும்.

எழுத வேண்டியது மிகுதியும் இல்லை. இக்கருவி என்ன செய்யும், எதைச் செய்யாது, எதைத் தர வேண்டும், எந்த அலகில் தர வேண்டும், என்ன திரும்பக் கிடைக்கும், பிழை நேர்ந்தால் அடுத்து என்ன, மீட்க முடியாதது எது. இவற்றை ஊர் தெரியாத ஒருவர் படிக்கிறார் என்ற எண்ணத்துடன் எழுதினால் போதும். எழுதி முடித்ததும், அக்கருவியை அறியாத ஒருவரிடம் அதை மட்டும் கொடுத்து இயக்கச் சொன்னால் விடுபட்டவை தாமே தெரிந்துவிடும்.

திருநின்றவூரில் இன்று நிற்கும் இருதயாலீசுவரர் கோயிலில் பூசலாரின் உருவமும் வழிபடப்படுகிறது. இதய நோய் உற்றவர்கள் அங்கு வந்து வேண்டிக்கொள்கிறார்கள். அவர்களில் பலருக்கு அக்கோயிலின் கதை தெரியும். அதை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பெரியவர்களுக்கு அது பெரியபுராணத்தின் வழியே வந்தது. மன்னனும் நின்றவூர் மக்களும் மறையவரும் கேட்டும் காண முடியாத ஒரு கோயிலுக்கு, குன்றத்தூரில் பிறந்த ஒருவர் நான்கு நூற்றாண்டுகள் கழித்து வழி எழுதி வைத்தார். நம் காலத்துக் கருவிகளை அமைப்பவர்கள் நான்கு நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் கட்டியதை அவர்களே எழுதி வைக்கலாம்.